மதியம் ஓடுகிறாள், காலையில் அழுகிறாள்: மகளின் மூட்டு வலியை நம்புவதா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 9 வயது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முழங்கால் வீங்கியது. ‘வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும்’ என்றார்கள். வீக்கம் வற்றாததால், எங்கேயோ விழுந்திருப்பாள் என்று புத்தூர் கட்டுப் போட்டார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்ஓ (தொண்டைத் தொற்றின் தடயம்) அளவு கூடுதலாக இருக்கிறது என்று ஐந்து மாதம், 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி. எட்டு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு மூட்டு நோய் மருத்துவர் இது சிறார் மூட்டழற்சி என்று சொல்லி, ஊசியை நிறுத்தி, வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தார். இரண்டு முழங்கால், கணுக்கால், வலது மணிக்கட்டு, விரல்கள் என எல்லா இடத்திலும் வீக்கம் குறைந்தது. ஆனால் மாத்திரை போட்டாலே வாந்தி. பக்கத்து வீட்டில் ஒருவர் ‘இது கேன்சர் மாத்திரை ஆச்சே’ என்று சொல்ல, பயந்துபோய் மூன்று வாரமாக நிறுத்திவிட்டார்கள். இப்போது வலி பழையபடி திரும்பிவிட்டது. காலையில் ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்று மாடியும் தாய் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். பள்ளியில் ‘மத்தியானம் ஓடத் தெரியுது, காலையில எழுத மட்டும் வலிக்குதா?’ என்று கேட்டு நிற்க வைக்கிறார்கள். ‘எனக்கே சில நேரம் சந்தேகமா இருக்கு டாக்டர், நடிக்கிறாளா? ஒரு வருஷம் ஸ்கூலை நிறுத்திடவா? ராத்திரி அழும்போது நான் என்ன செய்யணும்? கர்ப்பமா இருந்தப்ப நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?’ இவைதான் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வரியில் உங்கள் கையெழுத்து கலங்கியிருக்கிறது. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல் படையே ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் இந்த நோய். 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியே இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் இந்தப் பெயர் வைக்கிறோம். நீங்கள் சாப்பிட்டதாலோ, அவள் விழுந்ததாலோ, குளிர்ந்த தண்ணீரில் குளித்ததாலோ, கண் பட்டதாலோ இது வரவில்லை. ‘ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அப்புறம் எப்படி மூட்டு வாதம்?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோய் உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வரும். ஏஎஸ்ஓ கூடுதலாக இருந்தால், எப்போதோ ஒரு தொண்டைத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். தொண்டைத் தொற்றுக்குப் பின்னால் வரும் ருமாட்டிக் காய்ச்சலுக்குத்தான் அந்தப் பென்சிலின் ஊசி. அதில் மூட்டு வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், சில வாரத்தில் அடங்கும். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை. இங்கே எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் தடம் மாறிப்போகின்றன.

அவள் நடிக்கவில்லை

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்தாலும் இறங்காது. வெயில் ஏற ஏறத் தானாக இளகிவிடும். அழற்சி உள்ள மூட்டும் ஏறக்குறைய அப்படித்தான். இரவு முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகியிருக்கும். அரை மணி, ஒரு மணி, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேல் ஆகும். நடக்க நடக்க இளகி, மதியம் கிட்டத்தட்ட சாதாரணமாகிவிடும். சினிமா பார்த்து எழுந்தாலும், வகுப்பில் இரண்டு பீரியட் உட்கார்ந்து எழுந்தாலும் மறுபடி இறுகும். காலையில் அழுகை, மதியம் ஓட்டம் என்பது இந்த நோயின் குணமே. அவள் காலையில் ஓடி மதியம் அழுதிருந்தால்தான் நான் வேறு காரணம் தேடியிருப்பேன்.

இன்னொன்று. விளையாடும்போது வலி மறந்துபோகிறது என்பதால் அந்த வலி பொய்யாகிவிடாது. மனம் வேறொன்றில் முழுதாக இறங்கும்போது வலி பின்னுக்குப் போகும். மீன் வெட்டும்போது விரலில் பட்ட காயம் வேலை முடிந்த பிறகுதானே எரிகிறது? அதேபோல, தூக்கம் கெட்ட நாளிலும், பயத்திலும், ஆசிரியை திட்டிய நாளிலும் அதே வீக்கம் இரண்டு மடங்கு வலிக்கும். அதனால்தான் இவளுக்கு மாத்திரையோடு தூக்கமும் தைரியமும் நம்பிக்கையும் வலி மருந்தாகிவிடுகின்றன.

ஒரு சின்னத் திருத்தம். ‘வலிக்குதா? இப்ப வலிக்குதா?’ என்று ஒரு நாளைக்கு இருபது முறை கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவள் விளையாட்டை விட்டுவிட்டு முழங்காலைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று, இரண்டு முறை போதும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று அவளே தினசரி காலண்டர் தாளில் எழுதட்டும். குத்துகிறதா, குடைகிறதா, கடுக்கிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா என்பதையும் அவள் வார்த்தையிலேயே எழுதட்டும். வலிக்கு நம் மொழியில் இத்தனை சொல் இருக்கிறது. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு.

நிறுத்திய மாத்திரை

வலியை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. வீக்கம் அடங்கினால்தான் வலி அடங்கும். மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுகிறது என்பது உண்மைதான், ஆனால் அங்கே கொடுக்கும் அளவில் மிகச் சிறிய பங்கைத்தான் மூட்டுக்குக் கொடுக்கிறோம். 30 வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து இது. வேலை செய்யத் தொடங்கவே 6 முதல் 12 வாரம் ஆகும். இடையில் விட்டால் வீக்கம் திரும்பும். வீங்கியே கிடக்கும் மூட்டு நாளடைவில் குருத்தெலும்பை இழந்து மடங்கிப்போகும். அந்தச் சேதத்தைப் பின்னால் எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது. மாத்திரையின் ஆபத்தையும் நோயின் ஆபத்தையும் இரண்டு தட்டில் வைத்தால், உங்கள் மகள் விஷயத்தில் நோய்த் தட்டுதான் கனமாக இருக்கிறது.

நாளைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு, மூன்று வாரம் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயப்படாதீர்கள். விட்ட மாத்திரையைச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுக்க மட்டும் கூடாது. இந்த மருந்தில் உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு: வாரம் ஒரு முறை கொடுக்க வேண்டியதைத் தினமும் கொடுத்துவிடுவது. ஒரு கிழமையை முடிவு செய்து, காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் ஒரே ஆள் மட்டும் எடுத்துக் கொடுங்கள். டப்பாவைத் தம்பியின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வாந்திக்கு வழி இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால், குமட்டல் தூக்கத்தில் போய்விடும், மறுநாளும் விடுமுறை. ஃபோலிக் அமிலம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதை விடாதீர்கள். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும். மஞ்சள் மாத்திரையைப் பார்த்ததுமே ஓங்கரிக்கிறாள் என்றால், அதுவும் நடிப்பல்ல, பார்த்ததுமே குமட்ட உடம்பு பழகிக்கொண்டுவிட்டது. மாத்திரைக்கு முன்னால் கொடுக்கும் வாந்தித் தடுப்பு மருந்து, பிறகும் முடியாவிட்டால் அதே மருந்தின் ஊசி வடிவம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஈரல், ரத்த அணுப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் எடுத்துவிடுங்கள், மருந்தின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. கடும் காய்ச்சல் வந்தாலோ, அக்கம்பக்கத்தில் சின்னம்மை போட்ட பிள்ளையோடு விளையாடிவிட்டாலோ அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். எந்தத் தடுப்பூசிக்கும் முன்னால் இந்த மருந்து சாப்பிடுகிறாள் என்று சொல்ல வேண்டும்.

காலை ஒரு மணி நேரம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது காலை நேரம்தான். ஆறே முக்காலுக்கு எழுப்பி, ஏழரைக்குள் கிளப்ப வேண்டும். அவள் அழ, நீங்கள் கத்த, கடைசியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறீர்கள். இதை மாற்றலாம்.

இரவு அதற்கேற்ப முன்னதாகவே படுக்க வைத்து, காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள், ஆனால் எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். படுத்தபடியே இரண்டு பிஸ்கட்டோ பாதி இட்லியோ கொடுத்து, மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். அது வேலை செய்யும் நேரத்தில் போர்வைக்குள்ளேயே பாதத்தை ஆட்டட்டும், முழங்காலை மடக்கி நீட்டட்டும், விரலை மூடித் திறக்கட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் வீட்டில் தினமும் இரண்டு வாளி வெந்நீர் எளிதல்ல என்று தெரியும். அப்படியென்றால் ஒரு அகலமான பேசினில் கையையும் காலையும் பத்து நிமிடம் முக்கி வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரலை அசைக்கச் சொல்லுங்கள், அதுவே போதும். உங்கள் முன்கையில் ஊற்றிப் பார்த்துச் சூடு சரியாக இருந்தால் மட்டும்.

அப்புறம் படி. தூக்காதீர்கள். உங்கள் முதுகுக்காகவும்தான் சொல்கிறேன், அவள் காலுக்காகவும்தான். அசையாத மூட்டு இறுகும், அதைத் தாங்கும் தசை மெலியும், மெலிந்தால் இன்னும் வலிக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, ஒரு மாடிக்கு ஒரு முறை நின்று அவளே இறங்கட்டும். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மிக மோசமான நாளில் கடைசி மாடியை மட்டும் தூக்கலாம். அது சலுகைதான், தினப் பழக்கமாகிவிடக் கூடாது.

அவளுக்கு கேரம் பிடிக்கும் என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற பிறகு உங்கள் பகுதிப் பெண் பிள்ளைகள் எல்லோரும் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்திருப்பார்கள். தாராளமாக விளையாடட்டும். விரலுக்குப் பயிற்சியும் ஆச்சு, வலியிலிருந்து மனதுக்கு விடுமுறையும் ஆச்சு. போர்டைத் தரையில் வைத்துச் சம்மணம் போட வேண்டாம், ஸ்டூல் மேல் வைத்து நாற்காலியில் உட்காரட்டும். மணிக்கட்டு வீங்கிய நாளில் இடது கையால் ஆடிப் பார்க்கட்டும்.

ராத்திரி அழும்போது

முதலில் விளக்கைப் போட்டு மூட்டைப் பாருங்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, கொதித்து, தொடவே விடாமல், காய்ச்சலும் இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அப்படி எதுவும் இல்லை, தெரிந்த வலிதான் என்றால், பதறாதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இந்த வலி எவ்வளவு பெரியது என்று அவள் முடிவு செய்கிறாள்.

‘ஒண்ணுமில்ல, தூங்கு’ என்று சொல்லாதீர்கள். ‘வலிக்குதுன்னு தெரியுது. நான் இங்கதான் இருக்கேன். இது கொஞ்ச நேரத்துல குறையும்’ என்று சொல்லுங்கள். துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையால் பத்து, பதினைந்து நிமிடம் ஒத்தடம். மூட்டு சூடாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ். அந்த நேரத்தில் மூச்சு. சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல வாயைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். கூடவே அவளுக்குப் பிடித்த இடத்துக்கு மனதால் கூட்டிப்போங்கள். காசிமேட்டில் விடியற்காலையில் படகு வந்து ஒதுங்குவது பிடிக்கும் என்றால், என்ன நிறப் படகு, என்ன மீன், யார் ஏலம் போடுகிறார், காற்று எந்தப் பக்கம் என்று அவளையே சொல்ல வையுங்கள். வலிக்கு ஓர் உருவம் கொடுத்து வரையச் சொன்னாலும் சில பிள்ளைகளுக்கு எளிதாகிறது. என்னிடம் வந்த ஒரு பையன் அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தான். ‘இன்னைக்கு நண்டு விட்டுடுச்சு டாக்டர்’ என்பான். இதையெல்லாம் நல்ல நாட்களிலேயே பழக்க வேண்டும். அழுகையின் நடுவில் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்க வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் இரவு முழுக்க அப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். ஒத்தடம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். தேவையென்றால் மூட்டை நேராகத் தாங்கிப் பிடிக்க இரவில் போடும் பட்டையான ஸ்பிளிண்ட் பற்றி இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமியாரின் தைலமும் கணவரின் பொட்டலமும்

தைலம் போட்டு உருவுவது பற்றி மாமியாரோடு சண்டை வேண்டாம். வீங்கிய மூட்டை உருவக் கூடாது, கட்டுப் போட்டு அசையாமல் வைக்கக் கூடாது, இந்த இரண்டை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு, தொடையிலும் கெண்டைக்காலிலும் மெதுவாக எண்ணெய் தடவும் வேலையையும் ஒத்தடத்தையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். பாட்டி கையின் சூடும் கதையும் பிள்ளைக்கு ஆறுதல்தான். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாம் வாயு என்று நிறுத்தியிருப்பதாகச் சொல்கிறீர்கள். நிறுத்தத் தேவையில்லை. வளர்கிற பிள்ளைக்கு மீன், முட்டை, பால், கீரை எல்லாம் வேண்டும். முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைச் சமையலாகக் குடிக்கட்டும், மருந்துக்குப் பதிலாக அல்ல.

உங்கள் கணவர் வாங்கி வந்த வலி மருந்துப் பொட்டலம் விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். பெயர் இல்லை, தயாரிப்பாளர் இல்லை, இரண்டே நாளில் வலி போய்விடும் என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முகம் உப்பும், வளர்ச்சி நிற்கும், எலும்பு மெலியும். கொடுக்கத் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள். ஏற்கெனவே சில வாரம் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பார்க்க விரும்பினால் அது உங்கள் உரிமை. ஆனால் இரண்டு பக்கமும் என்ன மருந்து என்பது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஈரல் ஒன்றுதான்.

பள்ளியை நிறுத்த வேண்டாம்

வீட்டில் ஒரு வருடம் உட்கார்ந்தால் அவளுக்கு மிஞ்சப்போவது வலி மட்டும்தான். தோழிகள், பாட்டு, பரீட்சை, சண்டை எல்லாம் போய்விடும். பள்ளிதான் மாற வேண்டும், கேட்டால் மாறும்.

நோயின் பெயர், காலையில் இறுக்கம் இருக்கும், வெளியே தெரியாத வலி, என்னென்ன சலுகை தேவை என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்க அனுமதி, எழுதக் கூடுதல் நேரம், துணி சுற்றிய தடித்த பென்சில், தரைத்தளத்தில் வகுப்பு, குந்தி உட்காராத கழிப்பறை, முடிகிற விளையாட்டில் இடம். விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைப்பது அக்கறை ஆகாது. முதல் சந்திப்பில் சண்டைக்குப் போகாமல், விளக்குங்கள். அந்த ஆசிரியைக்கும் தேங்காய் எண்ணெய்க் கதையைச் சொல்லுங்கள். பிறகும் தண்டனை தொடர்ந்தால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டிலும் பேசலாம். மாற்றுத்திறனாளி அட்டை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூட்டழற்சி தனியாகப் பெயர் சொல்லி இல்லை. இயக்கக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று மதிப்பிட்டால்தான் பல சலுகைகள் கிடைக்கும். வீக்கம் கட்டுக்குள் வந்தால் அவளுக்கு அது தேவைப்படாமலே போகலாம். அவசரப்பட வேண்டாம், தேவை வந்தால் வெட்கப்படவும் வேண்டாம்.

கண்ணை மறக்காதீர்கள்

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த நோயில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்கும் தெரியாது; தெரியும்போது பார்வை பாதிக்கப்பட்டிருக்கலாம். கண் மருத்துவரிடம் உள்ள ஸ்லிட் லேம்ப் கருவியால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று மருத்துவர் சொல்வார். சில பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும். எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனையும் அரசு கண் மருத்துவமனையும் இருக்கின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருப்பதால் அவளுக்குப் பேருந்தைவிட இது எளிது. போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்சேட் போதாமல் விலை கூடிய உயிரியல் ஊசிகள் தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையில் என்ன வழி என்று அப்போதே விசாரித்துவிடலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாள்களை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். ‘இப்ப எப்படிம்மா இருக்கு?’ என்று அவர் கேட்டதும் பதில் உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிடும். சொல்லாதீர்கள். அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், காத்திருங்கள். அவளே சொல்லட்டும்.